லாக் டிரம் வைத்தால் அமாபியானோ ஆகிவிடுமா? அசல் எது, நகல் எது?

கேள்வி: நள்ளிரவுக் கிக்

மூன்று மாதம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஒரு டிராக் செய்து முடித்தேன். தென்னாப்பிரிக்காவில் பிறந்த நடன இசை வகையான அமாபியானோ என்று நம்பித்தான் செய்தேன். அந்த வகைக்கே அடையாளமான ஆழ்ந்த தட்டொலி, லாக் டிரம், இருக்கிறது, ஜாஸ் சாயலில் மின்பியானோ இருக்கிறது, நடுவில் கூட்டம் ஆர்ப்பரிக்கும் குரல்கூட இருக்கிறது. டெம்போ, அதாவது வேகம், நிமிடத்துக்கு 122 அடி. நீளம் 3 நிமிடம் 20 நொடி. ஒரு சிறிய இசை வெளியீட்டு லேபிளுக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்து இரண்டே வரியில் பதில் வந்தது. ஒலிக்கலவை சுத்தமாக இருக்கிறது என்றும், ஆனால் இது அமாபியானோ அல்ல, ஹவுஸ் இசை மேல் லாக் டிரம்மைத் தூவிய நகல் என்றும் எழுதியிருந்தார்கள்.

நிராகரித்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. 'நகல்' என்ற அந்த ஒரு சொல்தான் உறுத்துகிறது. பிறகு அதே டிராக்கை இணையத்தில் ஏற்றினேன். கான மயிலைக் கண்ட வான்கோழி என்று ஒருவர் எழுதிவிட்டுப் போனார். நான்கு நாள் மென்பொருளைத் திறக்கவே மனம் வரவில்லை.

என் குழப்பத்தைச் சொல்கிறேன். ஒரு நடன இசை வகையில் அசலைத் தீர்மானிப்பது எது? பிறந்த ஊரா? டெட்ராய்ட்டில் பிறந்த டெக்னோவை பெர்லின்காரர்கள் செய்தால் யாரும் போலி என்பதில்லை. 2024இல் பெர்லினின் டெக்னோ பண்பாட்டை ஜெர்மனி தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டது. கருவியா? லாக் டிரம் ஒலியே எஃப்எல் ஸ்டூடியோ மென்பொருளோடு சேர்ந்து வரும் ஒரு சின்தசைசரிலிருந்து எடுத்ததுதான். அந்த மென்பொருள் என்னிடமும் இருக்கிறது. முதலில் செய்தவர்தான் அசல் என்றால் இன்னும் குழப்பம். 1982இல் மும்பையில் சரண்ஜித் சிங் என்ற இசைக்கலைஞர் ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 பேஸ் இயந்திரம், டிஆர்-808 தாள இயந்திரம் இரண்டையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். ஹவுஸின் கிளையான ஆசிட் ஹவுஸுக்குப் பிள்ளையார் சுழி போட்ட சிகாகோ பதிவு 1987இல்தான் வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலத் தெரிகின்றன. அப்படியானால் சிகாகோ செய்தது நகலா?

எனக்கு 23 வயது. இதில் நிறையத் தெரிந்தவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். டிராக்கின் இணைப்பைக் கீழே கொடுத்திருக்கிறேன். முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன். ஆனால் ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


பதில்: வினைல் மட்டும்

உங்கள் உழைப்பில் குறையில்லை. ஆனால் அந்த லேபிள் சொன்னதிலும் தவறில்லை என்றே நினைக்கிறேன்.

ஹவுஸ் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். சிகாகோவில் வேர்ஹவுஸ் என்று ஒரு கிளப். 1977 முதல் ஃபிராங்கி நக்கிள்ஸ் அங்கே இசைத்தட்டுகளை வாசித்தார். வெளியே எங்கும் நிம்மதியாக ஆட இடமில்லாத இளைஞர்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், லத்தீன் வழியினர், தன்பாலீர்ப்பினர், அங்கே விடிய விடிய ஆடினார்கள். அந்தக் கிளப் பெயரின் பின்பாதிதான் இந்த இசைக்கே பெயராயிற்று. 1979 ஜூலை 12 அன்று அதே நகரத்தில், பேஸ்பால் மைதானத்தில், டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவியலாக வைத்து வெடி வைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மைதானத்துக்குள் இறங்கிக் கொண்டாடினார்கள். தங்கள் இசையைக் கொளுத்திய ஊரில் இருந்துகொண்டுதான் அந்த இளைஞர்கள் அடுத்த இசையைச் செய்தார்கள். அந்த வாழ்க்கை இல்லாதவன் அந்தக் கிக்கை (டிரம்மின் அடித்தள அடியை) எடுத்து வைத்தால் அது வேஷம்.

இன்னொன்று, பணம். 1969இல் வின்ஸ்டன்ஸ் குழுவின் டிரம்மர் கிரெகரி கோல்மன் ஒரு பாட்டின் நடுவில் ஏறத்தாழ ஏழு நொடி தனியாக வாசித்தார். அந்த ஏழு நொடியை வெட்டி, வேகப்படுத்தி, மாற்றி அடுக்கித்தான் ஜங்கிள் என்ற நடன இசை வகையே நின்றது. அதை வைத்து எத்தனையோ பேர் சம்பாதித்தார்கள். கோல்மனுக்கு அதிலிருந்து எதுவும் வரவில்லை. 2006இல் வறுமையில் இறந்தார்.

தென்னாப்பிரிக்காவின் டவுன்ஷிப்களில், அதாவது நிறவெறிக் காலத்தில் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய நகர்ப்புறக் குடியிருப்புகளில், பிறந்த அமாபியானோவுக்கும் அந்தக் கதி வர வேண்டுமா? வெளியிலிருந்து ஒலியை எடுப்பவர்கள் பெயரையாவது விட்டுவிடட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.


பதில்: தேய்ந்த ஃபேடர்

தம்பி, உங்கள் டிராக்கை மூன்று முறை கேட்டேன். ஒரு முறை ஸ்பீக்கரில், ஒரு முறை ஹெட்ஃபோனில், மூன்றாவது முறை கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்து அறையில் நின்றுகொண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டால் மினுக்கெல்லாம் உதிர்ந்து எலும்புக்கூடு மட்டும் வந்து சேரும். எனக்கு இது நெடுநாள் பழக்கம்.

சுவரைத் தாண்டி வந்தது கிக் மட்டும். லாக் டிரம்மைக் காணவில்லை. 1 நிமிடம் 4 நொடியில் அது நுழைகிறது; நுழையும்போதே முதல் அடியில் கிக்கோடு சேர்ந்து விழுகிறது, மூன்றாம் அடியிலும் அப்படியே. இரண்டும் அடிமட்டத்தில் முட்டிக்கொள்கின்றன. அந்த முட்டலை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள், அதனால்தான் ஈக்வலைசரை எடுத்து லாக் டிரம்மின் கீழ்ப்பகுதியை வெட்டியிருக்கிறீர்கள். மிஞ்சியது மரத்தை விரலால் தட்டுவது போன்ற ஒரு மேலோசை. தூவியது என்று லேபிளில் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். கடுமையான சொல், ஆனால் காது உள்ளவர் சொன்ன சொல்.

அமாபியானோவில் லாக் டிரம்தான் பேஸ். தாளத்தின் பாதியும் அதுதான், சில டிராக்குகளில் மெட்டே அதுதான். அதற்கு வழி விட்டு மற்றதெல்லாம் ஒதுங்கி நிற்கின்றன. கிக் மெலிந்திருக்கும், பல இடங்களில் இல்லாமலே போகும். காலத்தை எண்ணிக்கொண்டிருப்பது குலுக்கி வாசிக்கும் ஷேக்கர். டெம்போவும் 112 பக்கம் உலவுவதால், லாக் டிரம்மின் ஒரு சுரம் வளைந்து இறங்கி அடங்கும் வரை பொறுமையாக இடம் கிடைக்கிறது. உங்கள் 122இல் ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதை மிதிக்கிறது. மேலும் அங்கே டிராக்குகள் ஆறு நிமிடம், எட்டு நிமிடம் என்று ஓடுகின்றன. லாக் டிரம் வருமா வருமா என்று காக்க வைத்துத்தான் இறக்குகிறார்கள். மூன்று நிமிடத்தில் முடிகிற டிராக்கில் காக்க வைக்க ஏது நேரம்? நீங்கள் ஒரு ஒலியை எடுத்துக்கொண்டீர்கள். அந்த ஒலிக்காகக் கிக் விட்டுக்கொடுத்ததை, வேகம் விட்டுக்கொடுத்ததை எடுத்துக்கொள்ளவில்லை. சுரமெல்லாம் சரியாக விழுந்தும் ராகம் முகம் காட்டாமல் போவதுண்டே, அந்த மாதிரிதான் இது.

இதைச் சொல்லும் நான் ஏழு வருடம் நகல்தான் செய்தேன். பெர்லினிலிருந்து மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்டும் மார்க் எர்னஸ்டஸும் 1993 முதல் பேசிக் சேனல் என்ற பெயரில் வெளியிட்ட தட்டுகள் என்னைப் பிடித்து ஆட்டின. டப் டெக்னோ என்று பிற்பாடு பெயர் வைத்தார்களே, அதன் ஊற்று அதுதான். ஒரே ஒரு மைனர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு), அது எதிரொலித்துக்கொண்டே கரையும், அடியில் கிக் இருதயம் போல அடிக்கும். கேட்டால் எவரும் செய்துவிடலாம் போலிருக்கும். நானும் செய்தேன். மைனர் கார்டு வைத்தேன். எதிரொலி தரும் டிலேயை முக்கால் அடிக்கு அமைத்தேன், அந்த எதிரொலி மறுபடி தன்னுள்ளே திரும்பும் அளவான ஃபீட்பேக் 70 சதவீதம். மேலே நாடா இரைச்சல் ஒரு பூச்சு. எல்லா எண்ணும் சரி. உயிர் இல்லை. இன்னும் கொஞ்சம் இரைச்சல் சேர்த்தேன், அப்போதும் இல்லை. அந்த மாதிரி நாற்பது டிராக்குகள் செய்திருப்பேன். ஒன்றைக்கூட இப்போது என்னால் இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு நண்பர் பழைய மிக்ஸர் ஒன்றை வாங்கினார். எட்டுச் சேனல், ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடர்களில் இரண்டு கரகரக்கும். ஒரு நாள் மாலை அதே கார்டை அதன் வழியாக விட்டு, டிலேக்கு அனுப்பும் குமிழைக் கையால் திருப்பிக்கொண்டிருந்தேன். கார்டின் ஒரு அடியை மட்டும் டிலேக்குள் தள்ளிவிட்டுக் குமிழை உடனே மூடினேன். அந்த ஒன்று மட்டும் தனியாகச் சுழன்று கொண்டிருந்தது. ஃபீட்பேக்கைக் கூட்டினேன், கூவத் தொடங்கியது. அது வெடிப்பதற்கு ஒரு நூலளவு முன்னால் இறக்கினேன். நாற்பது நிமிடம் போனதே தெரியவில்லை, தோள்பட்டை வலித்த பிறகுதான் நிமிர்ந்தேன். பதிவைக் கேட்டபோது முதல் முறையாக அதில் ஒரு ஆள் இருந்தார்.

அப்போதுதான் கிங்ஸ்டன் எனக்குப் புரிந்தது. ஜமைக்காவின் அந்த ஊரில், டப் இசையின் முன்னோடி கிங் டப்பி 1970களில் மிக்ஸிங் மேசையையே ஒரு வாத்தியமாக வாசித்தார். பாட்டைப் பிரித்து, பாடகரின் ஒரு சொல்லை மட்டும் எதிரொலியில் தூக்கி எறிந்து, பேஸை நிறுத்தி, மறுபடி கொண்டுவந்து. பெர்லின்காரர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தக் கையை. நான் எடுத்துக்கொண்டது அந்தக் கை நகர்ந்ததால் காற்றில் மிஞ்சிய புகையை. அவர்களும் வெளியூர்க்காரர்கள், நானும் வெளியூர்க்காரன். ஊர் ஒன்றும் எங்களுக்குள் வித்தியாசம் செய்யவில்லை.

'வினைல் மட்டும்' எழுதியதற்கு வருகிறேன். கோல்மன் விஷயத்தில் உங்களோடு முழுக்க நிற்கிறேன்; அது திருட்டுக்குப் பக்கத்து வீடு. ஆனால் பெயரை விட்டுவிடச் சொல்கிறீர்களே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. பெயரை விட்டால் கடனும் சேர்ந்து மறைந்துவிடும். பேசிக் சேனல்காரர்கள் என்ன செய்தார்கள்? நியூயார்க்கில் லாயிட் பார்ன்ஸ் நடத்திய வேக்கீஸ் என்ற ரெகே லேபிளின் பழைய தட்டுகளைத் தேடி எடுத்து மறுபடி வெளியிட்டார்கள். ரெகே பாடகர்களைப் பாட வைத்துத் தாங்களே தட்டுகள் செய்தார்கள், பாடகர் பெயரையும் தட்டில் போட்டார்கள். நான் வேக்கீஸைக் கேட்டதே அவர்கள் வழியாகத்தான். எங்கிருந்து எடுத்தோம் என்பதைப் பெயரே சொல்லிக்கொண்டிருந்தால்தான் கேட்பவன் ஊற்றுவரை நடந்து போவான்.

பிறந்த ஊர் வாதம் பிறந்த ஊரிலேயே நிற்காது என்பதையும் பாருங்கள். டெட்ராய்ட்டின் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் பெல்வில் என்ற புறநகரில் பள்ளித் தோழர்கள். எலக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற வானொலி அறிவிப்பாளர் இரவில் பார்லமென்ட் குழுவின் ஃபங்க் இசையையும் ஜெர்மானிய மின்னணு இசைக்குழுவான கிராஃப்ட்வெர்க்கையும் ஒரே மூச்சில் ஒலிபரப்புவார். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். ஜெர்மன் இயந்திரத்துக்குள் ஃபங்க்கை ஏற்றினார்கள். 1991இல் பெர்லினில், ஒரு பழைய பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டகத்தில், டிரெசர் கிளப் திறந்தது. டெட்ராய்ட்காரர்கள் அங்கே போய் வாசித்தார்கள், பெர்லின்காரர்கள் அவர்களிடம் கற்றார்கள். இதில் யார் யாரை நகலெடுத்தார்கள் என்று கோடு கிழிக்க உட்கார்ந்தால் விடிந்துவிடும். டெக்னோ என்ற பெயர் நிலைத்த கதையும் அப்படித்தான். 1988இல் பிரிட்டனில் ஒரு தொகுப்புத் தட்டு தயாரானபோது அதற்கு முதலில் யோசித்த தலைப்பு 'டெட்ராய்ட்டின் ஹவுஸ் ஒலி' என்ற பொருளில் இருந்தது. அட்கின்ஸ் கொடுத்த டிராக்கின் பெயரில் டெக்னோ என்ற சொல் இருந்தது, தலைப்பு மாறியது. சிகாகோவின் நிழலாக விற்கப்பட இருந்த இசை அந்த ஒரு சொல்லால் தன் காலில் நின்றது.

அமாபியானோவின் சங்கிலியும் சிகாகோவரை போகும். ஹவுஸை மெதுவாக்கி, தங்கள் மொழியில் பேசவைத்து, 1990களில் ஜோகன்னஸ்பர்க் இளைஞர்கள் குவைட்டோ என்ற இசை வகையைச் செய்தார்கள். குவைட்டோ, டீப் ஹவுஸ், ஜாஸ் எல்லாம் கலந்த மண்ணில்தான் அமாபியானோ முளைத்தது. மெதுவாக்கியவரை அன்றைக்கு யாராவது நகல் என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு உங்களுக்கு லாக் டிரம் கிடைத்திருக்காது.

சரண்ஜித் சிங் பற்றிக் கேட்டீர்கள். இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. நகல் என்று சொல்ல வேண்டுமானால் ஒருவரை மற்றவர் கேட்டிருக்க வேண்டும். அவர் இசைத்தட்டு வந்த காலத்தில் கண்டுகொள்ளப்படவில்லை. உலகம் அதைக் கேட்டதே 2010இல் மறுவெளியீடு ஆன பிறகுதான். சிகாகோ இளைஞர்கள் அதை அறியவில்லை. இரு பக்கமும் பொதுவாக இருந்தது அந்த 303 என்ற வெள்ளி நிறச் சிறு பெட்டி மட்டும். பேஸ் கிதார் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்காக ரோலண்ட் செய்த பெட்டி அது. மனிதர் வாசிப்பது போல் அது ஒலிக்கவே இல்லை, விற்கவும் இல்லை, 1984இல் தயாரிப்பையே நிறுத்தினார்கள். அதில் சுரங்களை ஒரு தரம், அவற்றின் கால அளவை இன்னொரு தரம் என்று தனித்தனியாகப் பதிய வேண்டும். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகும் வசதி உண்டு. ராகம் வாசிக்கிறவருக்கு அந்த வழுக்கல் எப்படி இனித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! சரண்ஜித் சிங் அதை ராகத்தின் நெளிவுக்குப் பயன்படுத்தினார். சிகாகோவில் ஃபியூச்சர் குழுவின் டிஜே பியரும் நண்பர்களும் சுரத்தையே பொருட்படுத்தவில்லை. ஒரே சுழலை ஓடவிட்டு, ஃபில்டர் குமிழைப் பத்து நிமிடத்துக்கும் மேல் திருகிக்கொண்டே இருந்தார்கள். மியூசிக் பாக்ஸ் கிளப்பில் ரான் ஹார்டி அதை ஒரே இரவில் நான்கு முறை வாசித்தார் என்றும், முதல் முறை கூட்டம் விலகிப்போனது, நான்காம் முறை வெறிபிடித்து ஆடியது என்றும் பியர் சொல்லியிருக்கிறார். ஒரே பெட்டி, இரண்டு தேவை. இரண்டும் அசல். ஆனால் சிகாகோ பதிவுக்கு மறுநாளே பதில் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். அடுத்த ஆண்டு பிரிட்டன் முழுக்க அதுவே பேச்சு. அதனால் அது ஒரு வகை ஆயிற்று. மும்பைப் பதிவு பதில் கிடைக்காத ஒரு நல்ல கேள்வியாக 28 ஆண்டு அலமாரியில் இருந்தது. எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கும்.

உங்கள் டிராக்குக்கு வருகிறேன். 2 நிமிடம் 10 நொடியில் மின்பியானோவில் ஒரு கார்டு மாறுகிறதே, அதை எங்கிருந்தும் எடுத்ததாகத் தெரியவில்லை. அங்கே நீங்கள் இருக்கிறீர்கள். மற்றதைக் கலைத்துவிட்டு அதிலிருந்து தொடங்குங்கள்.


பதில்: வினைல் மட்டும்

பேசிக் சேனல் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எல்லாரும் அவர்களைப் போல நடந்துகொள்வதில்லை. டப்ஸ்டெப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கு லண்டனில், குராய்டன் பக்கத்தில், நெஞ்சுக்கூட்டை அமுக்கும் ஆழ்ந்த பேஸும் நிறைய வெற்றிடமும் கொண்ட இசையாக அது வளர்ந்தது. பிரிக்ஸ்டனில் 2005இல் தொடங்கிய டிஎம்இஸட் கிளப் இரவுகளின் பதிவுகளைக் கேளுங்கள், பாதி நேரம் எதுவுமே ஒலிக்காது. 2010க்குப் பிறகு அமெரிக்காவில் அதே பெயரில் வந்ததில் வெற்றிடமே இல்லை. கீழே இருந்த பேஸ் நடுவுக்கு ஏறிவந்து கத்தியது. 2012இல் அந்தப் பாணியில் புகழ்பெற்ற ஸ்க்ரில்லெக்ஸுக்கு மூன்று கிராமி விருது. இன்றைக்கு டப்ஸ்டெப் என்று சொன்னால் பத்தில் ஒன்பது பேருக்கு அந்தக் கத்தல்தான் நினைவுக்கு வரும். அது கெட்ட இசை என்று நான் சொல்லவில்லை. பெயரைக் கொண்டுபோய்விட்டது என்கிறேன். பெயர் கையிலிருந்தால் ஊற்றுக்கு வழி தெரியும் என்றீர்கள். இங்கே பெயரே ஊற்றை மூடிவிட்டது.


பதில்: தேய்ந்த ஃபேடர்

இதற்கு என்னிடம் பதில் இல்லை. டப்ஸ்டெப்பில் நடந்தது அப்படித்தான்.


பதில்: இடக்கால்

நான் டிராக் செய்பவள் இல்லை, ஆடுபவள். ஃபுட்வொர்க் ஆடுகிறேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா?

ஃபுட்வொர்க் சிகாகோவில் ஆட்டக்காரர்களின் போட்டிக்காக வளர்ந்த இசை. வட்டமாக நிற்பார்கள், ஒருவர் உள்ளே இறங்கி எதிராளிக்குச் சவால் விட்டு ஆடுவார். டெம்போ 160. ஆனால் கிக் 160ஐ எண்ணிக் காட்டாது; மூன்று மூன்றாகக் கொத்திவிட்டு, நீங்கள் அதைப் பிடித்துவிட்டீர்கள் என்று நினைக்கும்போது நழுவிவிடும். இந்த இசையைச் செய்த ஆர்பி பூ, டிஜே ரஷாத் போன்றவர்கள் தாங்களே ஆடியவர்கள். எந்த இடத்தில் கால் தடுமாறும், எந்த இடத்தில் ஆட்டக்காரன் தன் வித்தையைக் காட்ட ஒரு அரை நொடி வேண்டும் என்பது அவர்கள் முழங்காலுக்குத் தெரியும்.

வெளியிலிருந்து வரும் ஃபுட்வொர்க் டிராக்குகள் நிறைய ஆடிப் பார்த்திருக்கிறேன். சில டிராக்குகளில் 160 இருக்கும், வெட்டி ஒட்டிய குரல் இருக்கும், மூன்று மூன்றான கிக்கும் இருக்கும். ஆனால் எல்லாம் எட்டு அடிக்கு ஒரு முறை அப்படியே திரும்ப வரும். இரண்டாவது சுற்றிலேயே என் கால் அதைத் தெரிந்துகொண்டுவிடும். தெரிந்த பிறகு எதற்கு ஆடுவது? அதே சமயம், சிகாகோவைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவர் செய்த டிராக் ஒன்று இருக்கிறது. பதினோராவது சுற்றில் கிக்கை முழுவதுமாக எடுத்துவிடுவார், பேஸ் மட்டும் நிற்கும். முதல் முறை ஆடியபோது எடை முழுவதும் இடது காலில் இருந்தது, வலது கால் அந்தரத்தில். இறக்கத் தரையைக் காணோம் என்பது போல் இருந்தது. அவர் எங்கே பிறந்தார் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

நள்ளிரவுக் கிக், உங்கள் டிராக்கை ஓடவிட்டு நீங்கள் எழுந்து ஆடியிருக்கிறீர்களா? உட்கார்ந்து செய்த டிராக் என்பது எனக்குக் கேட்கிறது. தோள் இளகும் இடமே அதில் இல்லை. அமாபியானோ ஆடுபவர்களைப் பாருங்கள், அவர்கள் கிக்கில் குதிப்பதில்லை. ஷேக்கரில் நடக்கிறார்கள், லாக் டிரம் விழும்போது முழங்காலை மடக்கி அதன் மேல் உட்காருகிறார்கள்.


பதில்: நள்ளிரவுக் கிக்

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு கோப்பைத் திறந்தேன். டெம்போவை 112க்கு இறக்கினேன், கிக்கை முழுவதும் நிறுத்தினேன், லாக் டிரம்மில் வெட்டிய அடிப்பகுதியைத் திருப்பிக் கொடுத்தேன். அறை கிடுகிடுத்தது. நான் செய்த அதே மெட்டு வேறு யாரோ செய்தது போல் கேட்டது. கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறையில் போய் நின்றும் பார்த்தேன். லாக் டிரம் மட்டும் வந்தது.

எழுந்து ஆடியும் பார்த்தேன். முதலில் கூச்சமாக இருந்தது. நான்காவது முறை ஒன்றைக் கண்டுபிடித்தேன்: முதல் அடியில் லாக் டிரம் விழும் இடங்களிலெல்லாம் என் உடம்பு நின்றுவிடுகிறது. அதை முதல் அடியிலிருந்து அரை அடி தள்ளி வைத்தேன். நிற்கவில்லை.

டவுன்ஷிப்காரர்களின் டிராக்குகளை இத்தனை நாள் ஒலிகளைப் பொறுக்குவதற்காகக் கேட்டிருக்கிறேன் என்பதும் புரிகிறது. இந்த வாரம் எதையும் திறக்காமல் முழு நீளத்துக்குக் கேட்கப் போகிறேன். டிராக் முடிந்தால் யாரிடமிருந்தெல்லாம் கற்றேன் என்பதை வெளியிடும்போது எழுதுவேன். 'வினைல் மட்டும்' சொன்னதை மறக்கவில்லை. வகையின் பெயரைப் போடுவதா வேண்டாமா என்பதை அப்போது முடிவு செய்கிறேன்.

இப்போது ஒரு சிக்கல். கிக் போனதும் ஷேக்கர் தனியாகத் தெரிகிறது. பதினாறு அடியும் ஒரே சத்தத்தில், தையல் இயந்திரம் ஓடுவது போல் இருக்கிறது. சத்த அளவை அங்கங்கே தற்செயலாக மாற்றும் வசதியைப் போட்டுப் பார்த்தேன். தையல் இயந்திரத்துக்கு விக்கல் வந்தது போல் ஆகிவிட்டது.


பதில்: தேய்ந்த ஃபேடர்

தற்செயல் வேண்டாம், கை வேண்டும். ஒரு சிறிய டப்பாவில் கைப்பிடி அரிசி போட்டு மூடி, மைக் முன்னால் நின்று லாக் டிரம்மைக் கேட்டபடி நீங்களே நான்கு நிமிடம் குலுக்குங்கள். முன்னால் தள்ளும்போது ஒரு சத்தம், பின்னால் இழுக்கும்போது அதைவிடச் சிறிய சத்தம் வரும். முதல் நிமிடத்தைத் தூக்கிப்போடுங்கள், கை அப்போது பயந்துகொண்டிருக்கும். மூன்றாவது நிமிடத்துக்கு மேல் கை தளர்ந்து கொஞ்சம் பின்தங்கத் தொடங்கும். அங்கிருந்து நான்கு தாளச் சுற்று வெட்டி எடுங்கள். மென்பொருளின் காலக் கட்டத்தில் நேராக்கி வைக்காதீர்கள்.